கறுப்புத் திரையின் கடைசி வரி

(மட்டாஞ்சேரியில் தமிழ் நண்பர்கள் கூடிய மாலை நிகழ்வொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இதுபோன்ற கூட்டங்களில் வழக்கமாகக் குறளோ கம்பனோ பேசுவார்கள். இன்றைக்கு லினக்ஸ் கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி. தலைப்பைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்த ஒரு பெரியவரை, டீ வருகிறது என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். அவருக்காகவே முதலில் சொல்லிவிடுகிறேன். கணினி பூட் ஆகவில்லை என்றால், அதிலிருக்கும் உங்கள் கணக்கு வழக்கோ, கல்யாண ஃபோட்டோவோ, பேரனின் புராஜெக்டோ போய்விட்டது என்று அர்த்தமில்லை. டிஸ்கே பழுதானால் ஒழிய, அவை இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. அங்கே போகும் வழியில்தான் எங்கோ தடை. அந்த நேரத்தில் யாராவது "ஃபார்மட் அடிச்சுடலாம்" என்றால் கையைப் பிடித்துத் தடுங்கள். நான் பேச வந்ததே அதற்குத்தான். ஏன் தடுக்க வேண்டும், தடுத்தபின் என்ன செய்வது என்பதை மீதி நேரத்தில் பார்ப்போம்.

கேரளத்தில் லினக்ஸைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2001 ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தொடங்கி வைத்தார். அதே காலகட்டத்தில்தான் அரசின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமும் பிறந்தது. சில ஆண்டுகளில் பள்ளிக்கூடக் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. 2017இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. 2018இல் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொடுக்கத் தொடங்கினார்கள். 2019இல் உபுண்டு லினக்ஸ் 18.04ஐ அடிப்படையாக வைத்துத் தங்களுக்கென்று ஒரு பதிப்பையே வெளியிட்டார்கள். நம் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு டெர்மினல் என்றால் என்னவென்று தெரியும். அவள் அப்பாவுக்குத் தெரியாது. அவர் கணினியைத் தூக்கிக்கொண்டு போகும் ரிப்பேர் கடைக்காரருக்கும் பல சமயம் தெரியாது. நிலைமை அப்படித்தான் இருக்கிறது.

கணினி எழும் விதத்தை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. 1928க்கு முன்னால் கொச்சித் துறைமுகம் எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அழிமுகத்தின் குறுக்கே மணல்திட்டு. பெரிய கப்பல் உள்ளே வர முடியாது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை வள்ளத்தில் இறக்கி, வள்ளம் காயலுக்குள் வந்து, பஜார் ரோட்டுக் கடவில் கட்டி, சுமட்டுக்காரர்கள் தலையில் ஏற்றிப் பண்டகசாலைக்குக் கொண்டு போவார்கள். துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ மணலைத் தோண்டி வழி திறந்து, 1928 மே 26இல் 'பத்மா' என்ற கப்பல் உள்ளே நுழைந்தபிறகுதான் அந்த நிலை மாறியது. அந்தப் பழைய ஏற்பாட்டில் வள்ளக்காரனுக்குப் பண்டகசாலையின் உள்ளமைப்பு தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. கடவு எது என்று தெரிந்தால் போதும். ஒவ்வொருவனும் அடுத்தவன் கையில் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்வான்.

கணினியும் அதே மாதிரி கைமாறிக் கைமாறித்தான் எழுகிறது. பவர் பட்டனை அமுக்கினால் முதலில் விழிப்பது போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். பழைய கணினியில் பயாஸ், புதியதில் யூஇஎஃப்ஐ. அதற்கு லினக்ஸும் தெரியாது, விண்டோஸும் தெரியாது. டிஸ்கில் குறிப்பிட்ட ஓரிடத்தைப் பார்க்கும், அங்கே இருப்பதை ஓட்டும், அவ்வளவுதான். பயாஸ் காலத்தில் அந்த இடம் டிஸ்கின் முதல் 512 பைட். அதிலும் புரோகிராமுக்குக் கிடைப்பது 446 பைட்தான், மீதி பார்ட்டிஷன் அட்டவணைக்கும் முத்திரைக்கும் போய்விடும். யூஇஎஃப்ஐ வந்தபின் அதற்கென்று ஒரு சின்னப் பார்ட்டிஷனே ஒதுக்கினார்கள். அங்கிருந்து எழுவதுதான் பூட்லோடர், பெரும்பாலும் கிரப். கிரப் கெர்னலையும் அதோடு இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஒரு மூட்டையையும் மெமரியில் ஏற்றிவிட்டு விலகிக்கொள்ளும். அந்த மூட்டையில், உண்மையான டிஸ்கைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் இருக்கும். கெர்னல் அதைப் பிரித்து, டிஸ்கைத் திறந்து, ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, கடைசியில், மற்ற வேலைகளையெல்லாம் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியிடம் பொறுப்பைக் கொடுக்கும். அதற்குப் பிறகுதான் நீங்கள் பார்க்கும் லாகின் திரை.

புதிய கெர்னல் போடும்போது இந்தச் சங்கிலியின் நடுவில் கை வைக்கிறோம். கெர்னல் ஃபைல் புதிது, அதற்கான மூட்டை புதிது, கிரப்பின் பட்டியலும் புதிது. மூன்றும் சரியாக நடந்தால் கணினி எழும். நடக்காவிட்டால் எந்தக் கையில் நின்றதோ அந்தக் கைதான் திரையில் கடைசி வரியை எழுதியிருக்கும். அதை வாசிக்காமல் பட்டனை அமுக்கி அணைத்துவிடுகிறோம். தயவுசெய்து அணைக்கும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

லிலோ என்று ஒரு பழைய பூட்லோடர் இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் கெர்னலை வெளியிட்ட கொஞ்ச காலத்திலேயே வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. அதற்கு ஃபைல் சிஸ்டம் வாசிக்கத் தெரியாது. கெர்னல் டிஸ்கில் எந்தெந்தக் கட்டங்களில் இருக்கிறது என்று ஒரு வரைபடத்தை எழுதி வைத்துக்கொள்ளும். ஆகவே புதிய கெர்னல் போட்டவுடன் லிலோவை மறுபடி ஒருமுறை ஓட்டி வரைபடத்தைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் போச்சு. ஆனால் அதனிடம் ஓர் அழகு இருந்தது. ஒவ்வொரு படி தாண்டும்போதும் தன் பெயரின் ஒரு எழுத்தைத் திரையில் எழுதும். 'எல்' மட்டும் வந்து நின்றால் முதல் படி ஓடியது, இரண்டாவதை ஏற்ற முடியவில்லை. 'எல், ஐ' வந்து நின்றால் இரண்டாவதை ஏற்றியும் ஓட்ட முடியவில்லை. நான்கு எழுத்தும் வந்தால் எல்லாம் நலம். 446 பைட்டுக்குள் பிழைச்செய்தி எழுத இடமேது? பெயரையே பிழைச்செய்தியாக்கிவிட்டார் மனிதர். இப்போது வரும் பூட் திரைகளில் கம்பெனி லோகோவும் சுழலும் வட்டமும்தான். அழகாகத்தான் இருக்கிறது, ஒன்றும் சொல்வதில்லை. கிரப் மெனுவில் 'இ' எழுத்தை அமுக்கி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் 'குவயட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களை அழித்துவிட்டு எஃப்10 அமுக்கினால் அந்த வட்டம் போய், உள்ளே நடப்பது வரிவரியாக ஓடும். அந்த ஒரு முறைக்கு மட்டும்தான், நிரந்தர மாற்றம் இல்லை. பயப்பட வேண்டாம்.

இனி ஒரு கணினியைக் கிட்டத்தில் பார்ப்போம். பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சியுடையது. பெயர் வேண்டாம். வெளிநாட்டுப் பார்ட்டிகளின் மெயில், இன்வாய்ஸ், பத்து வருடக் கணக்கு எல்லாம் அதில்தான். உபுண்டு. லேப்டாப் திருடுபோனால் கணக்கு வெளியே போகக்கூடாது என்று டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து வைத்திருந்தார். தினமும் காலையில் ஆன் செய்தால் முதலில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும், பிறகு லாகின். ஒரு நாள் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்திருக்கிறார். திரை முழுக்க எழுத்து ஓடி நின்றுவிட்டது. கடையில் காட்டியதற்கு ஃபார்மட் அடிக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். மகன் எனக்கு ஃபோன் போட்டான்.

"சார், அப்பா சாப்பிடக்கூட இல்ல. ஃபார்மட் அடிச்சிட்டு அப்புறமா ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்ங்கிறாங்க. எடுக்க முடியுமா?"

"என்கிரிப்ட் பண்ண டிஸ்க்கை ஃபார்மட் அடிச்சா ஒண்ணும் எடுக்க முடியாதுப்பா. யாரையும் தொட விடாதே. கடைசியா என்ன எழுதியிருக்கு, படி."

படித்தான். 'கெர்னல் பேனிக்' என்று தொடங்கி, 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன் பிளாக் (0,0)' என்று முடிந்தது.

"அதுக்கு முன்னாடி பாஸ்வேர்டு கேட்டுச்சா?"

"இல்ல சார். கேட்கவே இல்ல."

நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. டிஸ்க் பாஸ்வேர்டைக் கேட்பது கெர்னல் அல்ல, அந்த இனிட்ராம்எஃப்எஸ் மூட்டை. கேட்கவில்லை என்றால் மூட்டை வந்து சேரவே இல்லை. கெர்னல் வெறுங்கையோடு நிற்கிறது, டிஸ்கைத் திறக்க அதனிடம் சாவி இல்லை. ரூட் எங்கே என்று கேட்டால் 'பூஜ்யம், பூஜ்யம்' என்கிறது.

மூட்டை ஏன் வரவில்லை? என்கிரிப்ட் செய்த உபுண்டுவில் பூட் பார்ட்டிஷன் தனியாக இருக்கும், இவருடையதில் எழுநூறு எம்பி சொச்சம். ஒரு கெர்னல் பதினைந்து எம்பிக்குள் அடங்கிவிடும். மூட்டைதான் கனம், எண்பது நூறு எம்பி போகும். பழைய கெர்னல்களைத் தானாக அகற்றும் வேலை அந்தக் கணினியில் எப்போதோ நின்று போயிருந்தது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒரு ஜோடி சேர்ந்து சேர்ந்து இடம் நிரம்பிவிட்டது. கடைசி அப்டேட்டில் கெர்னல் ஃபைல் நுழைந்துவிட்டது. மூட்டையைக் கட்ட இடமில்லை. கிரப் கெர்னலைப் பார்த்ததும் அதைப் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்துக்கொண்டது. இடமில்லை என்ற செய்தி அப்டேட் ஓடும்போதே டெர்மினலில் வந்திருக்கும். யார் பார்க்கிறார்கள்?

செய்தது இதுதான். ஆன் செய்து கிரப் மெனுவை வரவழைத்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போனால் முந்தைய கெர்னல்கள் வரிசையாக இருக்கும். அதில் புதியதற்கு அடுத்த கெர்னலை மகன் தேர்ந்தெடுத்தான். பாஸ்வேர்டு கேட்டது. அண்ணாச்சியின் பத்து வருடமும் திரைக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். புதிய கெர்னல் வரும்போது பழையது அழிக்கப்படுவதில்லை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாவற்றிலும் குறைந்தது ஒரு முந்தைய கெர்னலாவது அப்படியே இருக்கும். நேற்று ஓடிய அதே கெர்னல், அதே மூட்டை. மெனுவில் இரண்டு முறை கீழ் அம்பை அமுக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினைகள் வீட்டிலேயே தீரும். இவ்வளவு நல்ல ஏற்பாட்டை, 'அட்வான்ஸ்டு' என்று பயமுறுத்தும் ஒரு பெயருக்குள் ஒளித்து வைத்ததுதான் எனக்குப் பிடிக்காதது.

எழுந்தபின் முதல் வேலை 'யூநேம் ஹைஃபன் ஆர்' என்று தட்டி, இப்போது ஓடுவது எந்தக் கெர்னல் என்று பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்வது. அதை மட்டும் தொடக்கூடாது. 'டிஎஃப் ஹைஃபன் எச்' தட்டினால் பூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் என்று காட்டும். வழக்கமாக, மென்பொருள் நிறுவும் ஆப்ட் கருவியின் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளை பழையதைத் துடைத்துவிடும். ஆனால் பாதியில் நின்ற அப்டேட்டினால் ஆப்டே முரண்டு பிடிக்கும். முதலில் என்னை முடி என்னும், முடிக்க இடமிருக்காது. அப்போது இருப்பதிலேயே மிகப் பழைய கெர்னலின் மூட்டை ஒன்றை மட்டும் கையால் அகற்றி மூச்சுவிட இடம் கொடுத்துவிட்டு, 'டிபிகேஜி ஹைஃபன் ஹைஃபன் கான்ஃபிகர் ஹைஃபன் ஏ' ஓட்டினால் நின்ற வேலை தொடரும், புதிய கெர்னலுக்கு மூட்டை கட்டும். பிறகு ஆட்டோரிமூவ், பிறகு 'அப்டேட்-கிரப்'. ரீஸ்டார்ட் செய்ததும் பாஸ்வேர்டு கேட்டுப் புதிய கெர்னலிலேயே எழுந்தது.

மெனுவே வராமல் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் வந்து நிற்பது வேறு வகை. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. இடம் போதவில்லை என்று சிலர் விண்டோஸுக்குள் போய் பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் விண்டோஸும் வராது. கிரப்பின் முதல் துண்டு மட்டும் டிஸ்கின் தலையில் இருக்கிறது. மீதித் துண்டுகள் அந்த அழித்த பார்ட்டிஷனில் இருந்தன. அது தன் உடம்பைத் தேடிக்கொண்டு நிற்கிறது. அங்கே விண்டோஸுக்கும் பழுதில்லை, ஃபைல்களுக்கும் பழுதில்லை. விண்டோஸ் டிஸ்கைப் போட்டு அதன் பூட் துண்டைத் திரும்ப எழுதினால் முடிந்தது.

பார்ட்டிஷன் இருந்தும் கிரப்புக்கு இடம் மட்டும் மறந்துபோன சமயத்தில், ரெஸ்க்யூ பிராம்ப்ட்டிலேயே 'எல்எஸ்' தட்டினால் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்து பூட் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, 'செட் பிரிஃபிக்ஸ்' போட்டு அந்த இடத்தைச் சொல்லி, 'இன்ஸ்மாட் நார்மல்', பிறகு 'நார்மல்' என்று தட்டினால் மெனு வந்துவிடும். அது அந்த ஒரு தடவைக்கான வழி. உள்ளே போனதும் கிரப்பை முறையாக மறுபடி நிறுவிவிட வேண்டும்.

எந்த டிஸ்கில் நிறுவுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2020 ஜூலையில் 'பூட்ஹோல்' என்று கிரப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. முக்கிய லினக்ஸ்கள் எல்லாம் அவசரமாக கிரப் அப்டேட் விட்டன. உபுண்டு வைத்திருந்த பலருடைய கணினி மறுநாள் 'சிம்பல் கிரப்_காலக் நாட் ஃபவுண்ட்' என்று நின்றது. காரணம் அப்டேட்டின் பிழை என்பதைவிடப் பழைய ஞாபகம் என்று சொல்லலாம். எப்போதோ கிரப் நிறுவும்போது எந்த டிஸ்க் என்று குறித்து வைத்த குறிப்பு, பிறகு டிஸ்க் மாற்றியபோது புதுப்பிக்கப்படவில்லை. அப்டேட் வந்ததும் தலைத்துண்டு வேறு டிஸ்குக்கோ எங்குமில்லாமலோ போய்விட்டது, உடல் துண்டுகள் மட்டும் புதிதாயின. பழைய தலைக்குப் புது உடம்பு பொருந்தவில்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் கணினி பழைய பயாஸ் வகை என்றால், 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி' ஓட்டி எந்த டிஸ்க் டிக் ஆகியிருக்கிறது என்று இன்றிரவே பார்த்துவிடுங்கள்.

செக்யூர் பூட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நம் கையில் இருப்பது குறைவு. விண்டோஸ் 8 வந்த 2012 முதல், கையொப்பம் இல்லாத எதையும் எழ விடமாட்டேன் என்கிறது ஃபர்ம்வேர். நம்புவது மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்தை. லினக்ஸ்காரர்கள் 'ஷிம்' என்ற சின்னப் புரோகிராமை எழுதி அதற்கு அந்தக் கையொப்பத்தை வாங்கி, அதன் வழியாக கிரப்பையும் கெர்னலையும் எழுப்புகிறார்கள். நீங்களே கம்பைல் செய்த கெர்னலை வைத்தால் 'இன்வாலிட் சிக்னேச்சர்' என்று வரும். அடுத்த வரியில் 'முதலில் கெர்னலை ஏற்று' என்று ஆங்கிலத்தில் அதட்டும். உங்கள் சொந்தச் சாவியால் அதற்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை 'மோக்யூடில்' கொண்டு பதிவு செய்து, ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல்' கொடுத்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில சமயம் நாம் ஒன்றுமே செய்யாமலும் நிற்கும். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டில் அதுதான் நடந்தது. பழைய கிரப்களின் ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் ஒரு தடைப்பட்டியலை அனுப்பியது. இரண்டு சிஸ்டமும் வைத்திருக்கும் கணினிகளுக்கு அது போகாது என்றார்கள். போனது. 'ஷிம் எஸ்பேட் டேட்டா' சரிபார்ப்பு தோற்றது, பெரிய தவறு நடந்துவிட்டது என்று இரண்டு வரி காட்டிவிட்டுக் கணினி அணைந்துவிடும். அப்டேட் ஆனது விண்டோஸ், கெட்ட பெயர் லினக்ஸுக்கு. வழி: ஃபர்ம்வேர் செட்டிங்கில் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், 'மோக்யூடில்' மூலம் அந்தத் தடைப்பட்டியலை அழித்து, அப்டேட் செய்து, மறுபடி செக்யூர் பூட்டைப் போட்டுக்கொள்வது. மைக்ரோசாஃப்ட் முழுத் தீர்வு கொடுக்க 2025 மே ஆகிவிட்டது. இன்னொன்று, ஷிம்மின் கையொப்பத்துக்கு அடிப்படையான 2011 சான்றிதழின் காலாவதித் தேதி 2026 ஜூன். அந்தத் தேதியில் எல்லாக் கணினியும் நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். ஏற்கெனவே கையொப்பமிட்டது எழும். புதிதாக வருபவை 2023 சான்றிதழோடு வரும். அதை உங்கள் ஃபர்ம்வேர் அறிந்திருக்க வேண்டும், ஆகவே ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

கெர்னல் எழுகிறது, திரைதான் கறுப்பு என்றால் அது பூட்லோடர் கோளாறே அல்ல. உபுண்டு 22.04 வைத்திருந்தவர்கள் 5.15 கெர்னலில் தொடங்கி 6.8 வரை வந்திருப்பார்கள். என்விடியா டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருப்பது, ஒவ்வொரு கெர்னலுக்கும் அதைத் தனியாகக் கட்ட வேண்டும். பழைய கார்டுகளின் டிரைவர் புதிய கெர்னலில் கட்டப்படாமல் போகும். கிரப்பில் 'இ' அமுக்கி அதே லினக்ஸ் வரியில் 'நோமோட்செட்' என்று சேர்த்தால் சாதாரணத் திரையாவது வரும். மற்றதை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வழியும் இல்லாதபோது பென் டிரைவ். அதே லினக்ஸின் லைவ் பென் டிரைவ் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அதிலிருந்து எழுந்து, டிஸ்கில் உள்ள ரூட் பார்ட்டிஷனை ஓரிடத்தில் மவுன்ட் செய்து, யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் 'பூட்/இஎஃப்ஐ'யில் மவுன்ட் செய்து, 'டெவ், ப்ராக், சிஸ்' மூன்றையும் பைண்ட் செய்து, 'சிஎச்ரூட்' கொடுத்தால் நீங்கள் பழுதான சிஸ்டத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். அங்கிருந்து 'கிரப்-இன்ஸ்டால்', 'அப்டேட்-கிரப்'. முதலில் உங்கள் ஃபைல்களை வெளி டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள், அவசரம் எதுவுமில்லை. பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பென் டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் எழுந்ததா, பழைய முறையில் எழுந்ததா என்று பார்ப்பதில்லை. 'சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ' என்ற ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ. இல்லையென்றால் பழைய முறை, அதில் நின்றுகொண்டு யூஇஎஃப்ஐ கிரப் நிறுவினால் ஃபர்ம்வேருக்குச் செய்தியே போகாது. ஆன் செய்யும்போது, பல கணினிகளில் எஃப்12 அமுக்கினால் வரும் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு பெயரில் தெரியும், யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 'பூட் ரிப்பேர்' என்று ஒரே பட்டனில் எல்லாம் செய்யும் கருவியும் இருக்கிறது. குறை சொல்லமாட்டேன். அதன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு பட்டனை அமுக்குங்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் எல்லோரும் ஃபார்மட் அடிக்கிறார்கள்? விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வைரஸ் வந்தாலும் ஃபார்மட், மெதுவானாலும் ஃபார்மட் என்று கடைகள் பழகின. சிடி கையில் இருந்தது, அரை மணியில் வேலை முடிந்தது, காசும் வந்தது. பள்ளிக்கூட லேபில் மறுபடி நிறுவுவதை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே யாருடைய சொந்த ஃபைலும் இருக்கக்கூடாது, அடுத்த பீரியடுக்குள் கணினி தயாராக வேண்டும், மாஸ்டர் பதிப்பு கையில் இருக்கிறது. ஆனால் பள்ளியில் சரியான அதே வழி அண்ணாச்சியின் பண்டகசாலைக்கு ஒத்துவராது. கேரளம் இத்தனை ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு லினக்ஸை ஓட்டக் கற்றுக்கொடுத்தது. நின்றால் எழுப்பக் கற்றுக்கொடுத்தது குறைவு. 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் அனிமேஷனும் ரோபாட்டிக்ஸும் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள். ஒரு பழைய லேப்டாப்பை வேண்டுமென்றே கெடுத்துவைத்து, எழுப்பிக் காட்டு என்று ஒரு வகுப்பும் வைக்கலாம். இங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காதில் போட்டு வைக்கிறேன்.

சீட்டில் கேள்விகள் வந்திருக்கின்றன. இரண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றவர்கள் டீ குடிக்கும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

'என் கணினியில் கிரப் மெனுவே தெரிவதில்லை, நேராக உபுண்டு போய்விடுகிறது, பழைய கெர்னலை எப்படித் தேர்ந்தெடுப்பது?' ஒரே சிஸ்டம் இருந்தால் மெனுவை மறைத்துவிடுவார்கள். பழைய பயாஸ் என்றால் ஆன் செய்தவுடன் ஷிஃப்டை அமுக்கியபடி இருங்கள். யூஇஎஃப்ஐ என்றால் லோகோ மறையும்போது எஸ்கேப்பை ஒரு தட்டு. ஒரு தட்டுதான். படபடவென்று தட்டினால் மெனுவையும் தாண்டி கிரப் பிராம்ப்ட்டில் கொண்டுபோய் விடும். அப்படி விட்டால் 'நார்மல்' என்று எழுதி என்டர் கொடுத்து, உடனே ஒரு எஸ்கேப்.

'புதிய உபுண்டு போட்டபின் மெனுவில் விண்டோஸ் காணவில்லை, அழிந்துவிட்டதா?' அழியவில்லை. 2021இல் வந்த கிரப் 2.06இலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் 'ஓஎஸ்-ப்ரோபர்' வேலையைப் பாதுகாப்புக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 'எட்க்/டிஃபால்ட்/கிரப்' ஃபைலில் 'கிரப் டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்ற வரியை 'ஃபால்ஸ்' ஆக்கி 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள், விண்டோஸ் பூட் மேனேஜர் என்று ஒரு வரி வரும். அப்போதும் வரவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸைப் பழைய பயாஸ் முறையிலும் உபுண்டுவை யூஇஎஃப்ஐ முறையிலும் நிறுவியிருக்கிறீர்கள், இரண்டும் ஒரே மெனுவில் சேராது. ஆன் செய்யும்போது எஃப்12 அமுக்கி ஃபர்ம்வேர் மெனுவிலிருந்தே வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.